பங்க் குழுவிலிருந்து வந்து மெல்லப் பாடும் தனி ஆல்பங்கள்: உங்கள் கருத்து என்ன?

இசைப்பித்தன்

பாப் மோல்டின் ‘வொர்க்புக்’ ஆல்பத்துக்குத் தனியாக ஓர் இழை இருக்க வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. தொடங்கிவிடுகிறேன்.

அதற்கு முன் மோல்ட் இருந்த பங்க் குழு ஹுஸ்கர் டூ. பங்க் என்றால் வேகமும் இரைச்சலுமான ராக் இசை. அவர்களைக் கேட்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1979இல் மூன்று பேர் தொடங்கிய குழு. மோல்ட் கிட்டார், கிராண்ட் ஹார்ட் ட்ரம்ஸ், கிரெக் நார்டன் பேஸ். மோல்டும் ஹார்ட்டும் ஆளுக்கு ஆள் பாட்டெழுதிப் பாடுவார்கள். 1982இல் வந்த முதல் ஆல்பம் நேரடிக் கச்சேரிப் பதிவு. 17 பாட்டுகள், மொத்தமே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்றே பிடிபடாத வேகம். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அந்த வேகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, மெட்டு மேலே வந்தது. 1987இல் அவர்களுடைய மேலாளர் தற்கொலை செய்துகொண்டார். 1988 ஜனவரியில் குழு கலைந்தது.

அப்புறம் மோல்ட் நகரத்தை விட்டு விலகி, அதே மாநிலத்தில் பைன் சிட்டி பக்கம் ஒரு பண்ணை வீட்டில் இருந்துகொண்டு பாட்டு எழுதினார். அந்தப் பாட்டுகள்தான் 1989இல் ‘வொர்க்புக்’ ஆக வந்தன. முதல் பாட்டில் குரலே கிடையாது, அக்கூஸ்டிக் கிட்டார் மட்டும் தனியாக நடக்கிறது. போகப் போக செல்லோ (பெரிய வயலின் போன்ற வாத்தியம்) சேர்கிறது. ‘பேர் ஊபு’ என்ற குழுவில் வாசித்த ஆன்டன் ஃபியர் ட்ரம்ஸ், டோனி மைமோன் பேஸ்.

இப்படி ஒருவர் மெல்லப் பாடத் தொடங்கினால் “வயசாகிவிட்டது, அடங்கிவிட்டார்” என்று ஒரு பேச்சு உடனே கிளம்புகிறது. அந்த ஆல்பம் வந்தபோது மோல்டுக்கு 28 வயது. அடங்குகிற வயதா அது? பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். பிரிவு, சந்தேகம், யாரையோ மன்னிக்க முடியாத தவிப்பு, எல்லாம் அப்படியே இருக்கிறது. முன்பு இரைச்சலுக்குள் மறைந்திருந்த அதே மனிதர் இப்போது எதிரே வந்து உட்கார்ந்து பேசுகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. இதைத் துரோகம் என்று சொல்பவர்கள் ஹுஸ்கர் டூவையே சரியாகக் கேட்கவில்லை என்பது என் கட்சி.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். மோல்டோடு நிறுத்த வேண்டாம், இதே பாதையில் போன மற்றவர்களைப் பற்றியும் பேசலாம்.

பழையகேசட்

‘வொர்க்புக்’ நல்ல ஆல்பம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதுவும் இழக்கப்படவில்லை என்பதுபோல் நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

இழந்தது சத்தத்தை என்று நான் சொல்லவில்லை. எதிராளியை இழந்தார்கள். ஹுஸ்கர் டூவில் மோல்ட் ஒரு பாட்டு எழுதினால் ஹார்ட் அதற்குப் போட்டியாக இன்னொன்று எழுதுவார். 1984இல் வந்த இரட்டை ஆல்பம் ‘ஜென் ஆர்கேட்’ முழுக்க இந்த இழுபறிதான். 23 பாட்டுகள், பெரும்பாலும் முதல் முறை வாசித்ததையே அப்படியே பதிவாக வைத்துக்கொண்டார்கள். ஒருவர் தடுமாறினால் மற்ற இருவரும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவது காதில் விழும். தனி ஆல்பத்தில் அந்தச் சண்டை எங்கே? கூட வாசிப்பவர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும் அவர்கள் பாடகருக்குத் துணை. “இது வேண்டாம், நீட்டுகிறாய், நிறுத்து” என்று முகத்துக்கு நேரே சொல்ல அங்கே ஆள் இல்லை.

பால் வெல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தி ஜாம்’ இங்கிலாந்தில் உச்சத்தில் இருந்தபோது, 1982இல், கலைத்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டே ‘ஸ்டைல் கவுன்சில்’. மென்மை இருந்தது, நேர்த்தி இருந்தது. மூன்று பேர் சேர்ந்து ஒரே ஆணியை அடிப்பது போன்ற அந்த வேகம் அவருக்குத் திரும்பவே இல்லை என்பேன்.

தந்தி

கிட்டார் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இந்தத் திருப்பத்தை மனமாற்றம், வயது, லேபிள் (ஆல்பம் வெளியிடும் நிறுவனம்) என்றே பேசுகிறார்கள். கையில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பங்க் கிட்டாரின் அடிப்படை பவர் கார்டு. நம் பாஷையில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும். காந்தாரம் இல்லை. காரணம் சோம்பேறித்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் டிஸ்டார்ஷன், அதாவது ஆம்ப் என்ற ஒலிபெருக்கியில் கிட்டார் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்குவது. டிஸ்டார்ஷன் ஏற்றிய ஆம்புக்குள் இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து அனுப்பினால், அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் புதிய ஒலிகள் முளைக்கும். ஸட்ஜம், பஞ்சமம் இரண்டுக்கும் 2:3 என்ற எளிய விகிதம். அதனால் கழித்தலில் முளைப்பது கீழ் ஸ்தாயி ஸட்ஜமாகவே வந்து சேரும், ஒலி இன்னும் கனக்கும். காந்தாரத்தைச் சேர்த்தால் நிலைமை வேறு. கிட்டாரின் சம இடைவெளிச் சுதியில் அந்தர காந்தாரம் அதன் இயல்பான இடத்துக்கு 14 சென்ட் மேலே நிற்கிறது. ஓர் அரைச் சுரம் 100 சென்ட் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சமம் விலகுவது வெறும் 2 சென்ட். சுத்தமான ஒலியில் காது இதைப் பொறுத்துக்கொள்ளும். டிஸ்டார்ஷனில் எல்லாம் கலங்கி ஒரே கரகரப்பாகிவிடும்.

இதன் விளைவைப் பாருங்கள். காந்தாரம் இல்லாத கார்டு சந்தோஷமும் காட்டாது, சோகமும் காட்டாது. மேஜரா மைனரா என்று முடிவு செய்யாமலே முழுப் பாட்டையும் வாசித்துவிடலாம். உணர்ச்சியைக் குரலும் வேகமும்தான் சுமக்க வேண்டும். அதே ஆள் அக்கூஸ்டிக் கிட்டாரை எடுத்து மெதுவாக வருடினால் காந்தாரம் திரும்பி வந்துவிடுகிறது. ஒவ்வொரு கார்டிலும் “நான் இப்போது எப்படி உணர்கிறேன்” என்று சொல்லியாக வேண்டும். தப்பிக்க வழியில்லை. மெல்லிசைக்கு வந்த பங்க் கலைஞர்களில் சிலர் முதல் ஆல்பத்தில் தடுமாறுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். சந்தோஷம் வேண்டுமென்றால் அப்பட்டமான மேஜர், சோகமென்றால் அப்பட்டமான மைனர். நடுவில் இருக்கும் சாயல்கள் கைக்கு வர நாளாகும்.

மோல்டுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லாததற்கும் காரணம் இருக்கிறது. ஹுஸ்கர் டூவிலேயே அவர் வெறும் பவர் கார்டு வாசித்தவர் இல்லை. திறந்த தந்திகளை ஒலிக்க விட்டு, அந்த இரைச்சலுக்கு நடுவிலேயே முழுக் கார்டுகளை வாசித்தார். மேலே ஒரு மணி ஓசைபோல் கேட்டுக்கொண்டே இருக்குமே, அதுதான். இசைப்பித்தன் சொல்வது எனக்குச் சரியாகப் படுவது இதனால்தான். ‘வொர்க்புக்’கில் புதிதாக வந்தது ரொம்பக் கொஞ்சம். மேலே மூடியிருந்ததை எடுத்தார், அவ்வளவே.

மழைக்குருவி

தந்தி, அருமையான விளக்கம். அதே மாதிரி குரல் பற்றியும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911இல் இதை எழுதினார், அவர் பெயராலேயே இன்றும் சொல்கிறார்கள். உயர்த்தும்போது சத்தம் மட்டும் கூடுவதில்லை. சுதி மேலே ஏறும், உயிரெழுத்துகள் நீளும், குரலின் நிறமே மாறும். சின்ன அரங்கில், மானிட்டர் (பாடகருக்கே அவர் குரலைக் கேட்க வைக்கும் ஒலிப்பெட்டி) சரியில்லாத மேடையில், முழுச் சத்தத்தில் வைத்த ஆம்புக்கு முன்னால் ஆண்டுக்கணக்காகப் பாடியவர் தன் உண்மையான குரலை எவ்வளவு தடவை கேட்டிருப்பார்? அமைதியான அறையில் மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பாடும்போதுதான் அது அவருக்கே கேட்கிறது. பக்கத்தில் வந்தால் மைக் கீழ் அதிர்வெண்களை ஏற்றிக் காட்டும், மூச்சு விடுவதுகூடப் பதிவாகும். கத்தும்போது வராத பயம் அங்கே வரும்.

இந்த இழையில் இதுவரை ஆண்கள் பெயராகவே வருகிறது. பாலி ஸ்டைரீன் பற்றிச் சொல்லாமல் எப்படி? ‘எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்’ குழுவில் 1978இல் அவர் பாடியது பங்க் வரலாற்றிலேயே மிகக் கூர்மையான குரல்களில் ஒன்று. சாக்ஸபோனையே விரட்டும் குரல். 1979இல் குழுவை விட்டு விலகி, 1980இல் ‘ட்ரான்ஸ்லூசன்ஸ்’ என்று ஒரு தனி ஆல்பம் போட்டார். ஜாஸ் சாயல், மெல்லிய தாளம், குரல் கிட்டத்தட்டக் காதோடு பேசுகிறது. ‘வொர்க்புக்’குக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு! பங்க் சூடு இன்னும் ஆறாத நேரத்தில் அப்படி ஒரு ஆல்பம் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும். அப்போது அதற்குப் பெரிய வரவேற்பு கிடைக்கவில்லை. மோல்டைக் கொண்டாடுகிற நாம் இவரையும் சேர்த்துக் கொண்டாட வேண்டும்.

அதே ஆண்டில் ‘பெனட்ரேஷன்’ குழுவின் பாலின் மர்ரேயும் மார்ட்டின் ஹேனட் தயாரிப்பில் ஓர் ஆல்பம் போட்டார். அதிலும் கூச்சல் கிடையாது, மிதக்கிற குரல். 1980இலேயே இரண்டு பெண்கள் இந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

செவியன்

யாரும் சொல்லாத ஒரு காரணம்: காது. அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷின் அளவுப்படி 85 டெசிபலை ஒரு நாளில் 8 மணி நேரம்வரை கேட்கலாம். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். பங்க் கச்சேரியில் 100 சர்வ சாதாரணம், ட்ரம்ஸுக்கும் ஆம்புக்கும் நடுவில் நிற்பவர் நிலையை யோசியுங்கள். காதில் ஓயாமல் இரைச்சல் கேட்கும் டின்னிடஸ் தொல்லை மோல்டுக்கும் உண்டு. அப்படியும் அவர் இன்றுவரை சத்தமாக வாசிக்கிறார் என்பது வேறு விஷயம். எல்லோருக்கும் அந்த உடம்பு வாய்க்காது. “அடங்கிவிட்டார்” என்று எழுதும் முன் இதையும் நினைக்க வேண்டும்.

பழையகேசட்

பாலி ஸ்டைரீன் விஷயத்தில் மழைக்குருவியோடு முழுசாக ஒத்துப்போகிறேன். அந்த ஆல்பத்துக்குச் சேர வேண்டிய மரியாதை இன்னும் சேரவில்லை.

ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. எதிராளி இல்லாத இடத்தில் பாட்டு எப்படி நேர்மையாக இருக்கும்? எனக்குத் தெரிந்து இதற்கு மிக நல்ல பதில் சொன்னவர் இயன் மெக்கே. ‘மைனர் த்ரெட்’, பிறகு ‘ஃபுகாஸி’. வாஷிங்டன் டிசியில் ஹார்ட்கோர் (பங்கின் இன்னும் வேகமான, கடுமையான வடிவம்) என்றாலே அவர் முகம்தான் நினைவுக்கு வரும். அவர் தனி ஆளாக அக்கூஸ்டிக் கிட்டாரோடு வரவில்லை. ஏமி ஃபரீனாவோடு சேர்ந்து ‘தி ஈவன்ஸ்’ என்று இரண்டு பேர் குழு அமைத்தார். மெக்கே பாரிடோன் கிட்டார் (சுதி தாழ்ந்த கிட்டார்), ஃபரீனா ட்ரம்ஸ், இருவரும் பாடுவார்கள். 2005இல் முதல் ஆல்பம், 1980இல் மெக்கே நண்பரோடு சேர்ந்து தொடங்கிய டிஸ்கார்ட் லேபிளிலேயே.

சத்தத்தைக் குறைத்ததால் அவர்களுக்கு இடம் கிடைத்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். மதுக்கூடத்தையோ பெரிய ஒலி அமைப்பையோ நம்பியிருக்க வேண்டியதில்லை. சமூகக் கூடம், புத்தகக் கடை என்று எங்கே வேண்டுமானாலும் தங்கள் சின்ன ஒலிப்பெட்டியோடு போய் வாசித்தார்கள். எல்லா வயதினரும் வரலாம், நுழைவுக் கட்டணம் குறைவு என்று ஃபுகாஸி காலத்தில் அவர்கள் பிடித்த பிடிவாதம் இங்கே இன்னும் எளிதாக நடந்தது. மென்மை இங்கே கொள்கைக்கே வேலை செய்கிறது. இதை நான் இரண்டு கையாலும் வரவேற்பேன்.

பெரிய லேபிள், பெரிய ஸ்டுடியோ, செல்லோ என்று போகும்போது எனக்கு நெருடுகிறது. ‘வொர்க்புக்’ வர்ஜின் என்ற பெரிய லேபிளின் வெளியீடு என்பதை மறந்துவிட வேண்டாம்.

வினாக்குறி

புதியவன். நிறைய ஆல்பம் சொல்கிறீர்கள். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்றால் எது?

இசைப்பித்தன்

வினாக்குறி, ‘வொர்க்புக்’. கேட்டுவிட்டு ‘ஜென் ஆர்கேட்’ போங்கள். வெளியான வரிசைக்குத் தலைகீழாகக் கேட்பது இங்கே நல்லது. மெட்டு எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரிந்த பிறகு இரைச்சலுக்குள் போனால் வழி தவறாது.

பழையகேசட் அண்ணா, லேபிள் விஷயத்தில் உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஹுஸ்கர் டூவே 1986க்குள் வார்னர் என்ற பெரிய லேபிளுக்குப் போய்விட்டது. ‘கேண்டி ஆப்பிள் கிரே’ அங்கேதான் வந்தது, அதில் மோல்டின் இரண்டு அக்கூஸ்டிக் பாட்டுகள் இருக்கின்றன. ‘ஜென் ஆர்கேட்’டிலும் ஹார்ட்டின் அக்கூஸ்டிக் பாட்டு ஒன்று வருகிறது, அது சிறிய எஸ்எஸ்டி லேபிள் வெளியீடு. ஆக மென்மை பெரிய லேபிளோடு வந்த சரக்கு என்று சொல்ல முடியாது. முதலிலிருந்தே வீட்டுக்குள் இருந்தது.

மென்மைக்கும் பளபளப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஜானி தண்டர்ஸ் காட்டிவிட்டார். நியூயார்க் டால்ஸ், ஹார்ட்பிரேக்கர்ஸ் குழுக்களில் ஆம்பைக் கதறவிட்டவர், 1983இல் ‘ஹர்ட் மீ’ என்று ஓர் அக்கூஸ்டிக் ஆல்பம் போட்டார். கிட்டாரும் குரலும், வேறு அலங்காரம் இல்லை. குரல் தேய்ந்திருக்கிறது, சில இடங்களில் சுதி நிற்கவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். சத்தத்தைக் குறைத்தும் தன்னைக் கொஞ்சமும் மறைக்காத ஆல்பம். அவருடைய மின்கிட்டார் ஆல்பங்களைவிட அதுதான் எனக்கு நெருக்கம்.

ஒரு மென்மையான ஆல்பத்தைக் கேட்கும்போது நான் பார்ப்பது ஒன்றுதான். இந்தப் பாட்டைச் சொல்ல அவருக்கு அவசியம் இருந்ததா? தண்டர்ஸுக்கு இருந்தது. மோல்டுக்கும் இருந்தது. கூட வருவது செல்லோவா ஆம்பா என்பது அதற்குப் பிறகுதான்.

தந்தி

அந்த அவசியம் பற்றிய பேச்சு வந்ததால் கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

2000களின் நடுவில் இது ஒரு அலையாகவே வந்தது. ‘ஹாட் வாட்டர் மியூசிக்’ குழுவின் சக் ரேகன் 2007இல் ‘ஃபீஸ்ட் ஆர் ஃபேமின்’ போட்டார், 2008இல் ‘ரிவைவல் டூர்’ தொடங்கி இதே போன்றவர்களை ஒரே மேடையில் சேர்த்தார். ‘மில்லியன் டெட்’ 2005இல் கலைந்ததும் ஃபிராங்க் டர்னர் அக்கூஸ்டிக் கிட்டாரோடு கிளம்பினார். ரேகனின் முதல் ஆல்பம் எனக்கு உயிர். அந்தக் கரடுமுரடான குரல், பக்கத்தில் ஃபிடில், உட்கார்ந்து கேட்டால் நெஞ்சு நிறைகிறது. டர்னருக்கு வார்த்தைகள் தெளிவு, கூட்டத்தைப் பாட வைக்கும் வித்தை தெரியும்.

ஆனால் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் பலர் அதையே அச்சாக எடுத்துக்கொண்டார்கள். கரகரத்த குரல், வேகமான ஸ்ட்ரம்மிங், நெடுஞ்சாலை, பழைய நண்பர்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து “ஓ ஓ”. பங்கை எந்த அச்சு கொன்றதோ அதே அச்சு மென்மைக்கும் வந்தது. ஆம்பை அணைத்துவிட்டால் நேர்மை தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு எரிச்சலூட்டுகிறது. சத்தமில்லாமலும் பொய் சொல்லலாம். நன்றாகவே சொல்லலாம்.

இன்னொன்று. அக்கூஸ்டிக் கிட்டாரை மின்கிட்டார் மாதிரியே எப்போதும் கீழ்நோக்கி அடித்து வாசித்தால், வேறு வாத்தியத்தில் அதே பாட்டுதான் கிடைக்கும். வலது கை மாற வேண்டும். ‘வொர்க்புக்’கின் முதல் பாட்டில் மோல்டின் விரல்கள் தந்திகளைத் தனித்தனியாகத் தொடுவதைக் கேளுங்கள். கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்.

மழைக்குருவி

“சத்தமில்லாமலும் பொய் சொல்லலாம்”. ஆமாம். இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் ஜோனதன் ரிச்மன். பாஸ்டனைச் சேர்ந்த அவருடைய ‘மாடர்ன் லவர்ஸ்’ குழு பெரும்பாலும் 1972இல் கலிஃபோர்னியாவில் பதிவு செய்த பாட்டுகள் ஆல்பமாக வந்தது 1976இல். அது பங்க் ஆட்களுக்கெல்லாம் பாடப்புத்தகம் ஆகிவிட்டது, செக்ஸ் பிஸ்டல்ஸ்கூட அதிலிருந்து ஒரு பாட்டைப் பாடினார்கள். ஆனால் ஆல்பம் கடைக்கு வருவதற்குள் ரிச்மன் வேறு இடத்துக்குப் போயிருந்தார். சத்தத்தைக் குறை, இன்னும் குறை என்று குழுவிடம் சொல்ல ஆரம்பித்திருந்தார். எல்லோரும் கத்தத் தொடங்கிய நேரத்தில் குழந்தைகளுக்குப் பாடுவதுபோல் பாடிக்கொண்டிருந்தார். அதில் துளிப் பொய் கிடையாது. பலருக்கு அது அசட்டுத்தனமாகப் பட்டது, எனக்குக் கண் கலங்குகிறது.

பழையகேசட்

ரிச்மனை நான் மறுக்க மாட்டேன். அவரை யாராலும் மறுக்க முடியாது.

இசைப்பித்தனிடம் ஒரு கேள்வி. ‘வொர்க்புக்’ அவ்வளவு அவசியத்தோடு வந்தது என்றால், அடுத்த ஆண்டே மோல்ட் ஏன் அதை விட்டார்? 1990இல் ‘பிளாக் ஷீட்ஸ் ஆஃப் ரெய்ன்’ வந்தபோது செல்லோ எங்கே போனது? முழுக்க ஆம்ப், முழுக்க இருட்டு.

இசைப்பித்தன்

நல்ல கேள்வி, இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

முதலில், அவர் விட்டது ‘வொர்க்புக்’குக்குள்ளேயே தெரிகிறது. கடைசிப் பாட்டைக் கேளுங்கள். பழைய இரைச்சல் முழுசாகத் திரும்பி வந்து கதவை உடைக்கிறது. 2014இல் வந்த 25ஆம் ஆண்டுப் பதிப்பில் 1989ஆம் ஆண்டு சிகாகோ கச்சேரிப் பதிவையும் சேர்த்திருக்கிறார்கள். அதில் அதே பாட்டுகளை மின்கிட்டாரில் பல மடங்கு கனமாக வாசிக்கிறார். மெட்டு துளிகூடச் சேதமாகவில்லை. சத்தமாக வாசித்தாலும் மெல்ல வாசித்தாலும் நிற்கிற பாட்டு அது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: அவர் மென்மைக்குக் குடிபெயரவில்லை. அந்தப் பாட்டுகளை எழுத மென்மை தேவைப்பட்டது, எழுதினார். அடுத்த பாட்டுகள் வேறு கேட்டன.

1992இல் ‘சுகர்’ என்ற பெயரில் மறுபடியும் மூன்று பேர் குழு அமைத்து ‘காப்பர் புளூ’ போட்டார். இங்கிலாந்தின் என்எம்இ பத்திரிகை அதை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. சத்தம் ஹுஸ்கர் டூ அளவுக்கு இருக்கிறது, மெட்டு ‘வொர்க்புக்’ அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. அந்தப் பண்ணை வீட்டுக் காலம் இல்லாமல் ‘காப்பர் புளூ’ வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீங்கள் கேட்ட எதிராளி அவருக்கு அங்கே கிடைத்தார் என்றும் வைத்துக்கொள்ளலாம். இரைச்சலாக எழுதிய மோல்டுக்கு மெல்ல எழுதிய மோல்ட் எதிராளி.

பழையகேசட்

அந்தக் கடைசி வரியோடு எனக்குச் சம்மதம் இல்லை. தனக்குத் தானே எதிராளி என்பதைப் பாடகர்கள் எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள், கிராண்ட் ஹார்ட்டுக்கு அது ஈடாகாது. ‘காப்பர் புளூ’ பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அதிலும் மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மழைக்குருவி

ஹார்ட் பெயர் வந்துவிட்டதால்: அவருடைய ‘இன்டாலரன்ஸ்’ஸும் அதே 1989இல்தான் வந்தது, எஸ்எஸ்டியிலேயே. பெரும்பாலான வாத்தியங்களை அவரே வாசித்தார், ஆர்கன் நிறைய வரும். ட்ரம்ஸ்காரர் இவ்வளவு இனிமையான மெட்டுகளை எங்கே வைத்திருந்தார் என்று தோன்றும். 2017இல் அவர் இறந்தபோதுதான் பலர் தேடிப் போய்க் கேட்டார்கள். பழையகேசட் கேட்கிற சண்டை இந்த இரண்டு ஆல்பங்களுக்கும் நடுவில் நடக்கிறது என்று நினைக்கிறேன். குழு உடைந்த பிறகும் இருவரும் ஒரே ஆண்டில் ஆளுக்கொரு பக்கம் பாடியிருக்கிறார்கள்.

வினாக்குறி, நீங்கள் ‘வொர்க்புக்’ கேட்கும் அதே வாரத்தில் ‘இன்டாலரன்ஸ்’ஸையும் கேளுங்கள். ‘ஜென் ஆர்கேட்’ அதற்கப்புறம்.

வினாக்குறி

சரி. இன்று இரவு ‘வொர்க்புக்’, நாளை ஹார்ட். கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன். பாலி ஸ்டைரீன் ஆல்பத்தையும் குறித்துக்கொண்டேன்.